மங்கலான ஐகானைத் திருத்தப் போய் மென்பொருளைக் கெடுக்காதீர்கள்

திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் எங்கள் கணினிப் பழுதுபார்ப்புக் கடைக்குப் புதிதாக இரண்டு பையன்கள் வேலைக்கு வந்திருக்கிறார்கள். போன வாரம் அவர்களில் ஒருவன் டெஸ்க்டாப்பில் மங்கலாகத் தெரிந்த ஒரு ஷார்ட்கட் ஐகானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே முட்டாள்தனத்தின் பாதி வழியில் இருந்தான். "ஐகான் மட்டும்தானே அண்ணா?" என்றான். அன்றைக்கு நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வைரஸ் இருக்கும் தளத்தில் ஐகான் இறக்குவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். கீழே உள்ள ஒவ்வொரு தலைப்பும் செய்யக் கூடாத ஒரு தவறு.

திரையைக் குறை சொல்வது

ஐகானைச் சேமித்து வைக்கும் ஐகோ (.ico) கோப்பு என்பது ஒரே படம் அல்ல. 16, 32, 48, 256 பிக்சல் என்று பல அளவுப் படங்களை ஒன்றாகக் கட்டிய மூட்டை அது. டெஸ்க்டாப்பில் நடுத்தர ஐகானுக்கு விண்டோஸ் 48 பிக்சல் கேட்கும். திரையின் ஸ்கேலிங்கை, அதாவது எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் அளவை, 150 சதவீதம் வைத்தால் 72 கேட்கும். மென்பொருளை நிறுவும் இன்ஸ்டாலரைத் தயாரித்தவர் 32 பிக்சல் படத்தை மட்டும் போட்டிருந்தால், விண்டோஸ் அதையே இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். கலங்கல் அங்கிருந்துதான் வருகிறது. 256 பிக்சல் ஐகான் 2007இல் விஸ்டாவோடுதான் பரவலாக வந்தது. அதற்கு முந்தைய பழக்கத்தை இன்னும் விடாதவர்கள் நிறையப் பேர். இதற்காகத் திரையின் ரெசல்யூஷனை மாற்றிப் பார்ப்பது வீண் வேலை.

இஎக்ஸ்இ கோப்பையே அறுத்துப் பார்ப்பது

இஎக்ஸ்இ (.exe) என்பது மென்பொருளை ஓடவைக்கும் கோப்பு. இந்தத் தவற்றைப் பற்றித்தான் நீளமாகச் சொல்ல வேண்டும்.

பண்ருட்டியில் ஒரு முந்திரி வியாபாரி. பில் போடும் மென்பொருளின் ஐகான் அவருக்குப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. புது லேப்டாப், பளிச்சென்ற திரை, அதில் இது மட்டும் அழுக்காக இருக்கிறதே என்று வருத்தப்பட்டார். காசு கூடக் கேட்காமல் சரிசெய்து தருகிறேன் என்றேன். ஷார்ட்கட்டில் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸுக்குப் போயிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். நான் கெட்டிக்காரன் அல்லவா? கோப்புக்குள் இருக்கும் படங்களை மாற்றும் ரிசோர்ஸ் எடிட்டர் ஒன்றை வைத்து மென்பொருளின் இஎக்ஸ்இ கோப்பைத் திறந்து, உள்ளே இருந்த ஐகானை எடுத்துவிட்டு என்னுடையதைச் சொருகிச் சேமித்தேன். மூலக் கோப்பின் நகலை எடுத்து வைக்கவில்லை. அது சோம்பல் இல்லை, திமிர்.

அந்தக் கோப்பில் தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையொப்பம் இருந்தது. கோப்பின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டுப் போடப்படும் கையொப்பம் அது. உள்ளே ஓர் ஐகானை மாற்றினாலும் கணக்கு ஒத்துப்போகாது. மறுநாள் காலை மென்பொருள், தன் கோப்பு சிதைந்துவிட்டது என்று சொல்லித் திறக்க மறுத்தது. மீண்டும் நிறுவினேன், லைசென்ஸை அந்தக் கணினிக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்றது. தயாரிப்பாளரிடம் பேசி அதை விடுவிக்க மூன்று நாள் ஆனது. அன்று தேதி 18. மாதாமாதம் ஜிஎஸ்டி கணக்குக் கட்டுகிறவர்களுக்கு 20ஆம் தேதி என்றால் என்னவென்று தெரியும். தாமதக் கட்டணத்தை என் கையிலிருந்து கொடுத்தேன். அவர் வாங்க மாட்டேன் என்றார், மேசை மேல் வைத்துவிட்டு வந்தேன்.

எரிச்சல் எதில் தெரியுமா? லைசென்ஸ் கிடைத்து மீண்டும் நிறுவியபோது, ப்ராப்பர்ட்டீஸில் 'சேஞ்ச் ஐகான்' பொத்தானை அழுத்தி, அந்த இஎக்ஸ்இயைக் காட்டிப் பார்த்தேன். அருமையான 256 பிக்சல் ஐகான் அதற்குள்ளேயே இருந்தது! இன்ஸ்டாலர் ஷார்ட்கட்டை உருவாக்கும்போது, அதைக் காட்டாமல் பக்கத்தில் கிடந்த ஒரு பழைய 32 பிக்சல் ஐகோ கோப்பைக் காட்டியிருந்தது. நான் தூக்கி எறிந்ததுதான் நல்ல ஐகான்.

ஆகவே முதலில் இஎக்ஸ்இக்குள் பாருங்கள். எழுதாதீர்கள், பாருங்கள். ஷார்ட்கட் என்பது வெறும் முகவரிச் சீட்டு. அதை எத்தனை முறை மாற்றினாலும் மென்பொருளுக்கு ஒன்றும் ஆகாது. அதோடு, கோப்பையே திருத்தினாலும் அடுத்த அப்டேட்டில் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

அந்த வியாபாரியின் லேப்டாப்பில் இப்போதும் மங்கல் ஐகான்தான். மாற்றித் தருகிறேன் என்று பிறகு இரண்டு முறை கேட்டேன். "நீ அதைத் தொடாதே தம்பி" என்கிறார்.

சிறிய படத்தைப் பெரிதாக்குவது

32 பிக்சல் படத்தில் 1,024 புள்ளிகள். 256 பிக்சலில் 65,536. மிச்சம் அத்தனையும் மென்பொருளின் ஊகம்தான். பெரிய மூலப் படத்தைத் தேடுங்கள். கிம்ப் என்ற பட எடிட்டரில் ஒவ்வொரு அளவையும் ஒரு லேயராக வைத்து ஐகோவாக ஏற்றுமதி செய்யலாம்.

பிஎன்ஜி (.png) படத்தின் பெயரை மாற்றி ஐகோ என்று வைப்பது

பெயர் மாறும். கோப்பு மாறாது.

ஐகோ கோப்பை டவுன்லோட்ஸிலோ பென் டிரைவிலோ வைப்பது

அடுத்த தீபாவளிச் சுத்தத்தில் அந்தக் கோப்பு போய், ஷார்ட்கட்டின் ஐகான் வெள்ளைத் தாளாகிவிடும்.

பொத்தான் மங்கியிருக்கிறதே என்று கைவிடுவது

சில இன்ஸ்டாலர்கள் உருவாக்கும் ஷார்ட்கட்டில் 'சேஞ்ச் ஐகான்' அழுத்தவே முடியாது. புரோகிராம் ஃபைல்ஸில் உள்ள இஎக்ஸ்இயிலிருந்து புதிய ஷார்ட்கட் எடுத்து டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டு, பழையதை நீக்குங்கள்.

மாறவில்லை என்று மீண்டும் மீண்டும் செய்வது

மாறியிருக்கும். விண்டோஸ் பழைய படத்தைச் சேமித்து வைத்துக் காட்டிக்கொண்டிருக்கிறது. சைன் அவுட் செய்து உள்ளே வாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால்தான் ஐகான் கேஷ் கோப்புகளை நீக்க வேண்டும். நம் பையன் இதே காரணத்தால் ஒரே ஐகானை ஏழு முறை மாற்றியிருந்தான்.

எங்குமே பெரிய ஐகான் இல்லாதபோது அடம்பிடிப்பது

டெஸ்க்டாப்பில் வலது கிளிக் செய்து, 'வியூ'வில் சிறிய ஐகான்களைத் தேர்ந்தெடுங்கள். ஸ்கேலிங் 100 சதவீதம் என்றால் அது 32 பிக்சல்தான்; அந்தப் பழைய ஐகான் அப்போது துல்லியமாகத் தெரியும்.