வன்னிக் கரையோர மணலில் ஜீப் இறக்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடி, ஆவணியில் வெளிநாட்டிலிருந்து வரும் உறவுகள் ஃபோர் வீல் ஜீப் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு முல்லைத்தீவு, சாலை என்ற கரையோர ஊர், சுண்டிக்குளம் என்று கிளம்புகிறார்கள். சிலர் ஆஸ்திரேலியாவின் ஃபிரேசர் தீவு (2023 முதல் K'gari என்று பெயர்) போன்ற மணல் தீவுகளில் ஓட்டிப் பழகியவர்கள். அங்கே முதல் பாடம் வற்றுப்பெருக்கு: கடல் முழுதாய்ப் பெருகும் நேரத்துக்கு இரண்டு மணித்தியாலம் முன்னும் பின்னும் கரையில் ஓட்டக்கூடாது. நம் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் ஒரு மீற்றர்கூட வராது. அதனால் இங்கே பயமில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் இங்கே வண்டியை விழுங்குவது பெரும்பாலும் களப்பு, அதாவது கடலை ஒட்டிய உப்புநீர் ஏரிப் பக்கம்தான்.

கோடையில் களப்பு வற்றி, உப்புப் படிந்து, மேலே ஓடு கட்டி நிற்கும். தார் றோட்டைவிடச் சமதளமாகத் தெரியும். மாடு போன தடம் இருக்கும், மோட்டார் சைக்கிள் போன தடமும் இருக்கும். அதை நம்பி ஜீப்பை இறக்காதீர்கள். ஓடு உடைந்தால் கீழே கறுத்த சேறு, அச்சு வரை இறங்கிவிடும். மணலில் புதைந்ததை நாமே எடுக்கலாம். சேற்றில் இறங்கியதை உழவு இயந்திரம் வந்து இழுத்தால்தான் உண்டு.

மணலுக்கு வந்தால், டயரில் முழுக் காற்றோடு இறங்குவதுதான் பெரிய பிழை. 30, 35 இறாத்தல் இருக்கும் காற்றை 20 அளவுக்கு இறக்கினால் டயர் அகன்று மணலுக்கு மேலே நிற்கும். அப்புறம் வேகமாக ஓட்டவோ சடுதியாகத் திருப்பவோ கூடாது, டயர் றிம்மை விட்டுக் கழன்றுவிடும். சில்லு சுழலத் தொடங்கினால் அக்சிலேற்றரை மிதிக்காமல் உடனே நிறுத்தி, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். இன்னொரு வண்டியால் இழுப்பதாக இருந்தால், ட்ரெயிலர் கொழுவும் உருண்டையில் கயிற்றைக் கட்டவே வேண்டாம். அது உடைந்து பறந்து ஆஸ்திரேலியாவில் ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

புதைந்ததும் பலர் செய்வது, சில்லுக்கு அடியில் வைக்கப் பனை மட்டையோ கொப்போ வெட்டிவரப் பக்கத்துப் பற்றைக்குள் போவது. வன்னியில் இது உயிர் போகிற தவறு. 2009 இல் போர் முடிந்த நிலம் இது. மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முற்றாக முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் எல்லோரும் விலகுவார்கள், சரி. பலகை இல்லாத இடமெல்லாம் துப்புரவான இடம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பலகை விழுந்துபோகலாம், வெள்ளம் மணலை அரித்துப் பழைய வெடிபொருளை மேலே கொண்டுவரலாம். ஆகவே பலகைத் துண்டும் மண்வெட்டியும் வீட்டிலிருந்தே ஏற்றிப் போங்கள். சிறுநீர் கழிக்கவும் தடத்தை விட்டு உள்ளே போகாதீர்கள். துருப்பிடித்த எதையும் பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்டால் வந்த காலடியிலேயே திரும்பி, பொலிஸ் அவசர இலக்கமான 119க்குச் சொல்லுங்கள்.

மாரியில் கதை வேறு. ஐப்பசி முதல் வாடைக் காற்றும் மழையும் சேர்ந்து வரும். களப்பு நிரம்பி, அது கடலோடு சேரும் முகத்துவாரம் வெட்டுப்பட்டால், ஆனியில் நீங்கள் ஓட்டிய மணல்மேடு ஆறாக ஓடும். காலையில் கடந்த இடம் மாலையில் இல்லாமல் போகலாம். போன வருடத்து வரைபடமோ காணொளியோ இதைச் சொல்லாது. கரையில் மீன்பிடிக்காரர் தங்கும் வாடியில் இருக்கும் சம்மாட்டிக்கு, அதாவது வலை முதலாளிக்குத் தெரியும். "அண்ணை, இதால போகலாமோ?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் போவதைப் போல வீண் துணிச்சல் வேறில்லை. கரைவலை இழுக்கும் நேரம் கயிறு கரைக்குக் குறுக்கே கிடக்கும், ஆட்கள் அதைப் பிடித்தபடி பின்னால் நடப்பார்கள். வலை ஏறும்வரை நின்று போங்கள். கரை மணலில் படரும் அடம்பன் கொடிக்கு மேலே வண்டியை ஏற்றாதீர்கள், மணலைப் பிடித்து வைத்திருப்பது அதுதான்.

சுண்டிக்குளம் 2015 முதல் தேசியப் பூங்கா. வனசீவராசிகள் திணைக்களத்தில் கேட்டுத்தான் உள்ளே போகவேண்டும். தலைமன்னாருக்கு அப்பால் உள்ள மணல் தீடைகளுக்கு எந்த வாகனமும் போகாது. அவை கடலுக்குள், எல்லைக்கோட்டுக்குக் கிட்ட இருக்கின்றன. கடற்படைக்குத் தெரியாமல் படகில் கிளம்புவதும் வேண்டாம்.

தனி வண்டியில் போகாதீர்கள். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும், ஆனால் மணலுக்குள் இறங்காது. காயப்பட்டவரைத் தார் றோட்டுக்குக் கொண்டுவர இரண்டாவது வண்டி வேண்டும். பல இடங்களில் போன் சிக்னலும் இருக்காது. எத்தனை மணிக்குத் திரும்புவோம், எந்தப் பாதையால் போகிறோம் என்று ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.