மஸ்கடே ஒயினை எப்படிச் சுவைத்துப் பார்ப்பது?

பிரான்சில் லுவார் ஆறு கடலில் கலக்கும் பக்கம், நான்ட் நகரைச் சுற்றி விளையும் இனிப்பில்லாத வெள்ளை ஒயின்தான் மஸ்கடே. மெலோன் த பூர்கோன் என்ற திராட்சையில் செய்வது. இதன் வாசனை மென்மையானது என்பதால் பலர் சாதாரண ஒயின் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம்தான்.

முதலில் குளிரைச் சரிசெய்யுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வையுங்கள். 8 முதல் 10 டிகிரி போதும். ரொம்பக் குளிர்ந்திருந்தால் வாசனை எழாது.

அப்புறம் லேபிளில் 'சுர் லீ' என்று இருக்கிறதா பாருங்கள். குளிர்காலம் முழுக்க அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலோடு வைத்திருந்து பாட்டிலில் அடைத்தது என்று பொருள். அதில் ரொட்டி மாவு போன்ற மெல்லிய மணமும், நாக்கில் லேசான குறுகுறுப்பும் இருக்கும். அது குறையில்லை, கொஞ்சம் தங்கிய கரியமில வாயு.

விழுங்கிய பிறகு கவனியுங்கள். வாயில் எச்சில் ஊறி, எலுமிச்சைப் புளிப்பும் மெல்லிய உப்புச்சாயலும் சிறிது நேரம் நின்றால் நல்ல மஸ்கடே. புளிப்பு மட்டும் குத்திவிட்டு உடனே மறைந்தால் சுமார் ரகம். நனைந்த அட்டை வாடை வந்தால் கார்க்கால் கெட்டது, குடிக்க வேண்டாம்.