தானாகச் சார்ஜ் இறங்கும் செல்லை விரைவாகப் பிடிக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லித்தியம் அயான் பேட்டரி பேக்கில் ஒரே ஒரு செல் சும்மா இருக்கும்போதே சார்ஜ் இழந்தால் போதும். சில மாதங்களில் அந்த வரிசை மட்டும் பின்தங்கி, மற்ற செல்களில் சார்ஜ் மிச்சம் இருக்கும்போதே பேக் நின்றுவிடும். உள்ளே சிக்கிய உலோகத் துகளோ, பிரிப்பான் படலத்தில் விழுந்த சேதமோ காரணம் என்றால் அது பாதுகாப்புக்கே கேடு. ஸ்பாட் வெல்டிங் முடிந்த பிறகு ஒரு செல்லை மட்டும் மாற்றுவது பெரும்பாடு. அதற்கு முன்பே பிடித்துவிட வேண்டும்.

வழக்கமான முறை, செல்லை வாரக்கணக்கில் வைத்திருந்து வோல்டேஜ் எவ்வளவு இறங்கியது என்று பார்ப்பது. அது ஏன் இவ்வளவு மெதுவானது என்பதைக் கணக்குப் போட்டால் தெரியும். 3,000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள, உருளை வடிவ 18650 செல் ஒன்றில் 20 மைக்ரோ ஆம்பியர் உள்ளுக்குள்ளேயே கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 0.48 மில்லி ஆம்பியர் மணிதான் போகும். வோல்டேஜில் அது சுமார் 0.15 மில்லி வோல்ட். சாதாரண மல்டிமீட்டரில் கடைசி இலக்கம் ஒன்று நகரவே ஒரு வாரம் ஆகும்.

இதைச் சுருக்கப் பலர் முதலில் எடுப்பது உள்தடை மீட்டரை. அது இந்த வேலைக்கு உதவாது. 20 மைக்ரோ ஆம்பியர் கசிவு என்பது செல்லுக்குப் பக்கவாட்டில் சுமார் 2 லட்சம் ஓம் தடையை இணைத்தது மாதிரி. செல்லின் உள்தடையோ 20, 30 மில்லி ஓம். இவ்வளவு சிறிய தடைக்கு இணையாக அவ்வளவு பெரிய தடை இருப்பதை எந்த உள்தடை மீட்டரும் காட்டாது. உள்தடை நன்றாக இருக்கிறது என்பதால் செல் நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

உண்மையில் பலன் தரும் விரைவு முறைகள் இரண்டு. முதலாவதில், ஒரே தொகுதியைச் சேர்ந்த செல்களின் நெகட்டிவ் முனைகளை எல்லாம் ஒன்றாக இணைத்துவிட்டு, பாசிட்டிவ் முனைகளுக்கு இடையிலான வித்தியாசத்தை மட்டும் ஆறரை இலக்க மீட்டரில் 100 மில்லி வோல்ட் வரம்பில் அளக்கிறோம். 4 வோல்ட்டை முழுதாக அளக்காததால் மைக்ரோ வோல்ட் அளவு மாற்றம்கூடத் தெரியும். 20 மைக்ரோ ஆம்பியர் கசியும் செல்லுக்கும் 5 மைக்ரோ ஆம்பியர் கசியும் செல்லுக்கும் நடுவே ஒரே நாளில் 100 மைக்ரோ வோல்ட்டுக்கு மேல் விலகல் வந்துவிடும். தொடக்கத்தில் இருக்கும் வித்தியாசம் முக்கியமில்லை. அது எவ்வளவு மாறுகிறது என்பதைப் பாருங்கள். ஒரே ஒரு செல்லை ஒப்பீட்டுச் செல்லாக வைக்க வேண்டாம். அதுவே கெட்டதாக இருந்தால் எல்லாம் தலைகீழாகும். பல செல்களின் நடுமதிப்போடு ஒப்பிடுங்கள். பாசிட்டிவ் முனைகள் தப்பித்தவறியும் ஒன்றையொன்று தொடக் கூடாது. 5 மில்லி வோல்ட் வித்தியாசம் இருந்தாலே நூறு மில்லி ஆம்பியர் அளவுக்குப் பாய்ந்து, அந்தச் சோதனை வீணாகும்.

இரண்டாவது முறையில் செல்லின் அப்போதைய வோல்டேஜுக்கே ஒரு மிக நிலையான மின்மூலத்தைச் சரிசெய்து, ஒரு சிறு தடை வழியாக இணைத்து, உள்ளே போகும் கரண்ட்டை அளக்கிறோம். செல்லின் வோல்டேஜ் இறங்காமல் காக்க எவ்வளவு கரண்ட் தேவைப்படுகிறதோ, அதுதான் கசிவு. இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, அளவு நிலைப்பதற்கு முன்பே படித்துவிடுவது. மேலே சொன்ன செல், சுமார் 10,000 ஃபாரட் கெப்பாசிட்டர் போல நடந்துகொள்ளும். 1 ஓம் தடை வைத்தால் நேர மாறிலி (அளவு எவ்வளவு சீக்கிரம் நிலைப்படும் என்பதைக் காட்டும் காலம்) 10,000 வினாடி, அதாவது ஏறக்குறைய 2.8 மணி நேரம். அதைப்போல மூன்று நான்கு மடங்கு நேரம் காத்திருந்தால்தான் எண்ணை நம்பலாம். தடையைக் குறைத்தால் சீக்கிரம் முடியும். ஆனால் மின்மூலத்தின் நடுக்கமும் வெப்ப மாற்றமும் அதே விகிதத்தில் பெரிதாகத் தெரியும்.

வெப்பம்தான் இந்த வேலையில் எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றும். ஒரு டிகிரி மாறினால் செல்லின் வோல்டேஜ் 100 மைக்ரோ வோல்ட் அளவுக்கு நகரலாம். ஏறுமா இறங்குமா என்பது செல் வகையையும் சார்ஜ் நிலையையும் பொறுத்தது. வெறும் 0.1 டிகிரி மாற்றம் 10 மைக்ரோ வோல்ட். 1 ஓம் தடையில் அதுவே 10 மைக்ரோ ஆம்பியராகத் தெரியும். நாம் தேடும் கசிவே அந்த அளவுதான்! ஏசி ஓடி நிற்கும் சுற்று அப்படியே அளவீட்டில் அலையாகப் பதிவாகும். செல்களைத் தெர்மாகோல் பெட்டியில், கனமான அலுமினியத் தட்டின் மேல் நெருக்கமாக அடுக்கி, மூடி, பல மணி நேரம் அப்படியே விடுங்கள். வித்தியாச முறையில் எல்லாச் செல்லும் ஒன்றுபோல நகர்வதால் இந்தத் தொல்லை பெருமளவு தானாகவே கழிந்துவிடும். பணம் குறைவாக உள்ள பட்டறைக்கு நாங்கள் முதலில் அதையே பரிந்துரைப்போம்.

சூடாக்கினால் கசிவு வேகமாகும் என்று 45 டிகிரியில் வைத்துச் சோதிப்பதும் உண்டு. அப்போது வேகமாவது முக்கியமாக ரசாயன இழப்பு. உலோகத் துகள் செல்லுக்குள் உண்டாக்கும் மைக்ரோ ஷார்ட் (மிகச் சிறிய ஷார்ட் சர்க்யூட்) வெப்பத்தால் அந்த அளவுக்கு அதிகரிக்காது. எல்லாச் செல்லிலும் பின்னணி இழப்பு ஏறிவிடுவதால், பிடிக்க வேண்டிய செல் அதற்குள் மறைந்துபோகும்.

சார்ஜ் போட்ட கையோடு அளப்பது இன்னொரு பெரிய தவறு. உள்ளே லித்தியம் சீராகப் பரவ நாள்கணக்கில் ஆகும். ஆனோடின் (நெகட்டிவ் மின்முனை) விளிம்பு கேத்தோடை (பாசிட்டிவ் மின்முனை) தாண்டி நீண்டிருக்கும் பகுதி லித்தியத்தால் நிறையவோ காலியாகவோ வாரக்கணக்கில்கூட இழுக்கும். சார்ஜ் செய்த செல்லில் இது கசிவு போலவே தெரியும். டிஸ்சார்ஜ் செய்த செல்லில் உண்மையான கசிவை மறைக்கும். கசிவு என்பது மின்மூலத்திலிருந்து செல்லுக்குள் போகும் கரண்ட். அது எதிர்த்திசையில் ஓடினால், செல் இன்னும் ஓய்வுநிலைக்கு வரவில்லை. புதுச் செல்கள் குறைந்த சார்ஜில் வந்து சேர்கின்றன; விமானத்தில் அனுப்ப 30 சதவீதம்தான் உச்சவரம்பு. வழியிலும் கிடங்கிலும் அவை வாரக்கணக்கில் ஓய்வெடுத்திருக்கும். அவற்றைச் சார்ஜ் போடாமல், வந்த நிலையிலேயே அளந்தால் காத்திருப்பு நேரம் முழுவதும் மிச்சம்.

எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட்) செல்லுக்கு இந்த ஆலோசனையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சார்ஜ் நடுத்தரமாக இருக்கும் பகுதியில் அதன் வோல்டேஜ் கோடு ஏறக்குறையத் தட்டையாக இருப்பதால் கசிந்தாலும் வோல்டேஜ் நகராது. சார்ஜை 10 சதவீதத்துக்குக் கீழே இறக்கி, போதிய ஓய்வு கொடுத்து, கோடு செங்குத்தாக இறங்கும் இடத்தில் அளக்க வேண்டும்.

சின்னச் சின்ன விஷயங்களும் கெடுக்கும். பாசிட்டிவ் மூடியைச் சுற்றியுள்ள இன்சுலேட்டரில் வியர்வையும் ஃப்ளக்ஸும் படிந்து 10 லட்சம் ஓம் தடை உருவானால் 4 மைக்ரோ ஆம்பியர் வெளியிலேயே கசியும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, கையுறை போட்டுத் தொடுங்கள். கட்டிய பேக்கில் அளப்பதென்றால் பி.எம்.எஸ். (பேக்கைக் கண்காணித்துக் காக்கும் சர்க்யூட்) ஒயர்களை முதலில் கழற்றுங்கள், அதுவே கரண்ட் எடுக்கும்.

கடைசியாக, எல்லைக்கோடு. எல்லா வகைக்கும் பொருந்தும் ஒரே மைக்ரோ ஆம்பியர் எண் கிடையாது. அதே தொகுதியில் நடுமதிப்பைவிட்டு விலகி நிற்கும் செல்லை ஒதுக்குங்கள். தொகுதி முழுவதுமே கூடுதலாகக் கசிந்தால் அதை மைக்ரோ ஷார்ட் என்று நினைக்க வேண்டாம். கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், செல்லுக்குள் ஒட்டப்படும் பி.இ.டி. பிளாஸ்டிக் டேப் சிதைந்து உருவாகும் டைமீத்தைல் டெரிஃப்தலேட், இரு மின்முனைகளுக்கும் நடுவே போய்வந்து சார்ஜைத் தீர்ப்பதைக் காட்டினார்கள். அப்படிப்பட்ட தொகுதியில் செல் செல்லாகப் பொறுக்குவதில் பயனில்லை. தொகுதி முழுவதையும் விற்றவரிடமே திருப்பி அனுப்பிவிடுங்கள்.