உடனே பலன் வரலன்னாலும் நல்லது செய்றது எப்படி?

முதல்ல திருப்பி செய்ய வசதி இல்லாதவங்களா பாத்து செய்ங்க, பைபிள்ல லூக்கா 14-ல விருந்துக்கு ஏழைகள கூப்பிடுங்கன்னு இயேசு சொன்னது இதுக்குத்தான், பதில் நீதிமான்கள் உயிர்த்தெழும்போது கிடைக்கும்னும் அங்கயே சொல்லிட்டாரு. செஞ்சத ஸ்டேட்டஸ்ல போடாதீங்க (வலது கை செய்றது இடது கைக்கு தெரியக்கூடாதுன்னு மத்தேயு 6:3-ல இருக்கு). போட்டோ எடுக்க கை பரபரன்னு வரும், எனக்கும் வரும், போனை உள்ள வச்சிருங்க.

யாரும் தேங்க்ஸ் சொல்லலன்னா மனசு கடுக்கத்தான் செய்யும், அத மறைக்காம ஜெபத்துல சொல்லிருங்க, இயேசு சுகமாக்குன 10 குஷ்டரோகிங்கள்ல நன்றி சொல்ல திரும்பி வந்தது ஒருத்தன்தான், அதுவும் யூதர்கள் ஒதுக்கி வச்ச சமாரியன், மத்த 9 பேர் எங்கன்னு இயேசுவே கேட்டாரே. சோர்வா இருந்தா கலாத்தியர் 6:9 படிங்க, ஏற்ற காலத்துல அறுப்போம்னு இருக்கு, தேதி எதுவும் போடல. அப்புறம் தேங்க்ஸ் சொல்லாத அதே ஆளுக்கே இன்னொரு தடவ செய்ங்க.