பழைய வீட்டு வாசலிலேயே சார்பாகிவிடும் சம்மன்

வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்த பிறகுதான், என்மீது ஐந்து மாதங்களாக ஒரு நீதிமன்றத் தீர்ப்பு இருந்து வருவது எனக்குத் தெரிந்தது. வழக்கு நடந்ததே தெரியாது. கடன் முகவர் தம் கணினித் திரையைப் படித்துக் காட்டிய பின்னரே, முந்தைய ஆண்டு ஒரு தனியார் வாகன நிறுத்துமிடத்தில் இயந்திரத்தில் பணம் செலுத்திவிட்டு நான் வண்டியை நிறுத்திய நாள் நினைவுக்கு வந்தது. பணம் செலுத்தவில்லை என்று சொல்லி அந்த இடத்தை நடத்தும் நிறுவனம் கேட்ட 100 பவுண்டு, வசூல் செலவு, நீதிமன்றக் கட்டணம், வழக்கறிஞர் செலவு என வளர்ந்து 250 பவுண்டைத் தாண்டியிருந்தது. பணத்தைவிட, வங்கி என் விண்ணப்பத்தை மறுத்துவிட்டது என்பதுதான் வலித்தது. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக இங்கிலாந்துக்கு வருபவர்கள் இதே குழியில் விழக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

நீதிமன்ற அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐக்கிய இராச்சியம் ஒரே நாடாயினும் அதன் நீதிமன்றங்கள் ஒரே அமைப்பைச் சேர்ந்தவை அல்ல; இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்ந்து ஓர் அதிகார வரம்பு, ஸ்காட்லாந்து மற்றொன்று, வட அயர்லாந்து வேறொன்று. இங்கிலாந்தில் குற்ற வழக்குகள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தொடங்கும், கடுமையானவை கிரவுன் நீதிமன்றத்துக்குப் போகும். விசா மறுப்புக்கு எதிரான மேல்முறையீடு தனித் தீர்ப்பாயத்துக்கு உரியது. அந்த உரிமை உள்ளவர்களுக்கு நாட்டுக்குள் இருந்தால் 14 நாள், வெளியே இருந்தால் 28 நாள்தான் அவகாசம். கடன், வாடகை பாக்கி, ஒப்பந்தத் தகராறு போன்ற பண வழக்குகள் கவுண்டி நீதிமன்றத்துக்கு வரும். அங்கே 10,000 பவுண்டு வரையிலான கோரிக்கைகள் பொதுவாகச் சிறு வழக்குப் பிரிவில் விசாரிக்கப்படும். வென்றாலும் வழக்கறிஞர் கட்டணம் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது என்பதால், பலரும் தாமே வாதாடுகிறார்கள்.

என்னை வீழ்த்தியது, சம்மன் சார்பு செய்யப்படும் முறை, அதாவது உரியவரிடம் அது முறைப்படி சேர்ப்பிக்கப்படும் முறை. நம் ஊரில் நீதிமன்ற அமீனா வீடு தேடி வருவார், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார், ஆள் இல்லையென்றால் மறுபடியும் வருவார், கடைசியில் கதவில் ஒட்டிவிட்டுப் போவார். அதுவும் பலிக்காவிட்டால் நாளிதழில் அறிவிப்பு வெளியாகும். அமீனா வந்துபோன செய்தி தெருவுக்கே தெரிந்துவிடும் என்பதை அவமானமாக நினைத்த குடும்பத்தில் வளர்ந்தவன் நான். இன்று அதை ஒரு பாதுகாப்பு என்றே நினைக்கிறேன். இங்கிலாந்தில் வழக்குப் படிவம் சாதாரணத் தபாலில் வருகிறது. கையொப்பம் கேட்பதில்லை. உரிமையியல் நடைமுறை விதி 6.9-இன்படி, தனிநபர் ஒருவர் வழக்கமாக வசிக்கும் முகவரிக்கோ, கடைசியாக வசித்ததாக அறியப்பட்ட முகவரிக்கோ அனுப்பினாலே போதும், சார்பு செய்யப்பட்டதாகவே கருதப்படும். அன்றிலிருந்து 14 நாளுக்குள் பதில் தர வேண்டும். படிவம் கிடைத்தது என்று முறைப்படி ஒப்புக்கொண்டால் 28 நாள் கிடைக்கும். பதில் வராவிட்டால், வழக்குத் தொடுத்தவர் கேட்ட மாத்திரத்தில் தீர்ப்பு பதிவாகிவிடும். பெரும்பாலும் எந்த நீதிபதியும் வழக்கைப் படித்துக்கூடப் பார்ப்பதில்லை. நம் ஊரில் ஒரு தரப்பு வராமலே தீர்ப்பாகும் ‘எக்ஸ் பார்ட்டி’யில்கூட கட்சிக்காரர் பெயரை டவாலி மூன்று முறையாவது உரக்கக் கூப்பிடுவார்.

நிறுவனத்துக்கு என் பழைய முகவரி எப்படிப் போனது? கிழக்கு லண்டனிலிருந்து லீட்ஸ் நகருக்கு மாறியபோது வங்கி, மருத்துவர், வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம் என எல்லாவற்றிலும் முகவரியை மாற்றினேன். ஓட்டுநர் உரிமத்தில் மாற்றினால் வண்டியின் பதிவிலும் தானாக மாறிவிடும் என்று நம்பினேன், ஏனெனில் இரண்டையும் வைத்திருப்பது டிவிஎல்ஏ என்னும் ஒரே அரசு நிறுவனம். ஆனால் அவை இரண்டும் தனித்தனிப் பதிவுகள். நம் ஆர்.சி. புத்தகத்துக்கு இணையான வி5சி என்ற ஆவணத்தில் முகவரியைத் தனியாக மாற்ற வேண்டும்; இணையத்தில் இலவசமாகவே மாற்றலாம், மாற்றாவிட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்க இடமுண்டு. வாகன நிறுத்துமிட நிறுவனங்கள் வண்டி எண்ணைக் கொடுத்து டிவிஎல்ஏயிடமிருந்து பெறுவது இந்த வி5சி முகவரியைத்தான். ஆகவே, முதல் அறிவிப்பு முதல் வழக்குப் படிவம் வரை அனைத்தும் லண்டன் வீட்டுக்கே போயிருந்தன. பின்னர் அங்கே சென்றபோது, இப்போது குடியிருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒரு பை நிறைய உறைகளை நீட்டி, “உங்கட கடிதமெல்லாம் எடுத்து வைச்சிருக்கிறன் தம்பி, ஆரிட்டக் குடுக்கிறதெண்டு தெரியேல்ல” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழைய முகவரிக்கு வரும் கடிதங்களைப் புது முகவரிக்குத் திருப்பிவிடும் ராயல் மெயில் அஞ்சல் நிறுவனத்தின் கட்டணச் சேவையில் ஓராண்டுக்குப் பதிவு செய்திருந்தால் அந்தப் பை எனக்கே வந்திருக்கும்.

தீர்ப்பை நீக்கக் கோரும்போது நம் ஊர் அறிவு தவறான வழியைக் காட்டும் என்பதால் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 9, விதி 13-இன்படி, சம்மன் முறையாகச் சார்பு செய்யப்படவில்லை என்று காட்டினால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்து செய்யக் கோரலாம். நானும் “கடிதம் என் கைக்கு வரவே இல்லை” என்பதையே மூன்று பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தேன். இங்கே அந்த வாதம் மட்டும் நிற்காது, ஏனெனில் கடைசி முகவரிக்கு அனுப்பியதே முறையான சார்பு. நீதிமன்றம் கேட்பது வேறு: வழக்கை எதிர்த்து வெல்ல உங்களுக்கு உண்மையான வாய்ப்பு இருக்கிறதா, தீர்ப்பு பற்றித் தெரிந்தவுடன் தாமதமின்றி வந்தீர்களா? நீங்கள் அந்த முகவரியில் இல்லை என நம்புவதற்கு எதிர்த்தரப்புக்குக் காரணம் இருந்திருந்தால், புது முகவரியைக் கண்டறிய அவர்கள் நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு, அதையும் சுட்டிக்காட்டுங்கள். என் மூன்று பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, பணம் செலுத்தியதற்கான வங்கிப் பதிவையும் வாக்காளர் பட்டியல் சான்றையும் இணைத்து, என்-244 என்ற படிவத்தில் பத்து நாளுக்குள் விண்ணப்பித்தேன். கட்டணம் 303 பவுண்டு; குறைந்த வருமானம் உள்ளவர்களுக்குச் சலுகை உண்டு. விசாரணை தொலைபேசியில் இருபது நிமிடத்தில் முடிந்தது. தீர்ப்பு நீக்கப்பட்டது, சில வாரங்களில் நிறுவனம் வழக்கையே கைவிட்டது, ஆனால் 303 பவுண்டு திரும்ப வரவில்லை. 100 பவுண்டு கோரிக்கையில் வென்றதற்கு நான் கொடுத்த விலை அது.

எதிர்க்க வாதம் இல்லாதவர்கள் தீர்ப்பு நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையையும் செலுத்திவிட்டால், நீதிமன்றத் தீர்ப்புகளுக்கான பொதுப் பதிவேட்டிலிருந்து அது அடியோடு நீக்கப்படும். பிந்திச் செலுத்தினால் ‘தீர்க்கப்பட்டது’ என்ற குறிப்புடன் 6 ஆண்டு நிற்கும். வாடகை வீடு தேடும்போதும் அது கண்ணில் படும். ஆகவே, வீடு மாறிய சில மாதங்களில் உங்கள் கடன் அறிக்கையை (கிரெடிட் ரிப்போர்ட்) ஒருமுறை எடுத்துப் பாருங்கள், சட்டப்படி அது இலவசம்.

ஸ்காட்லாந்துக்குக் குடிபெயர்பவர்கள் இதுவரை சொன்ன எண்களை அப்படியே கொண்டுபோக வேண்டாம். அங்கே சிறு வழக்குகள் ஷெரிஃப் நீதிமன்றத்தில் 5,000 பவுண்டு வரைதான். ஒப்பந்தக் கடனுக்கான காலவரம்பு இங்கிலாந்தில் 6 ஆண்டு, அங்கே 5 ஆண்டு. நம் ஊரின் 3 ஆண்டுக் கணக்கை நம்பி, பழைய பாக்கி காலாவதியாகிவிட்டது என்று இங்கே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். இரண்டு இடத்திலும் அது தவறு.

ஊருக்குத் திரும்பிவிட்டால் நம்மை யாரும் எதுவும் செய்ய முடியாது என்ற பேச்சும் நம்மவர்களிடையே உலவுகிறது. இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 44ஏ-இன் கீழ் அறிவிக்கப்பட்ட நாடுகளில் பிரிட்டனும் ஒன்று என்பதால், இங்குள்ள உயர் நீதிமன்றத்தின் பணத் தீர்ப்பை இந்திய மாவட்ட நீதிமன்றத்தில் நேரடியாக நிறைவேற்றக் கோரலாம். வழக்கின் தகுதியை ஆராய்ந்து வழங்கப்படாத தீர்ப்பு என்று பிரிவு 13-ஐக் காட்டி நீங்கள் எதிர்க்கலாம்தான், ஆனால் அதற்கு அங்கே வக்கீல் வைத்து வாய்தாவுக்கு அலைய வேண்டும். விமானம் ஏறுவதற்கு முன் வண்டியை விற்றுவிட்டு, விற்ற செய்தியை அன்றே டிவிஎல்ஏக்குத் தெரிவித்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்தவர் ஓட்டும் வண்டிக்கும் உங்கள் பெயரிலேயே உறைகள் வந்துகொண்டிருக்கும்.