தோள் காயத்துக்குப் பிறகு மறுபோட்டிக்குத் தயாராவது

தோற்கடித்தவரை மறுபடி சந்தித்தே தீரவேண்டும் என்ற வெறி வந்துவிட்டால், வலி அடங்கும் முன்பே ஏர் ரைபிளை (காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி) தூக்கத் தோன்றும். அங்கேதான் எல்லாம் கெடுகிறது. பிசியோதெரபிஸ்ட் சரி என்று சொன்ன பிறகே தொடங்குங்கள். கிருஷ்ணகிரியில் மாங்காய் சீசன் என்றால், மாங்காய்க் கிரேட் (பெட்டி) தூக்கும் வேலையையும் அதுவரை வேறு ஆளிடம் விடுங்கள்.

முதலில் வீட்டுக்குள் குண்டில்லாப் பயிற்சி. 10 மீட்டர் இலக்கின் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ. கூடம் 5 மீட்டர்தான் என்றால் 15 மி.மீ. வட்டம் ஒட்டலாம். ட்ரை-ஃபயர் (குண்டில்லாமல் ட்ரிக்கரை மட்டும் அழுத்தும்) வசதி உள்ள ரைபிளில் மட்டும் செய்யுங்கள். ஸ்பிரிங் ரைபிளைக் குண்டில்லாமல் சுட்டால் பிஸ்டன் மோதி சீல் போய்விடும்.

வலதுகைக்காரருக்கு இடது முழங்கை இடுப்பெலும்பில் உட்கார வேண்டும். எடையை எலும்பு தாங்காமல் தசை தாங்கினால் குழல் நடுங்கும். இலக்கைக் குறிபார்த்தபின் கண்ணை மூடி, மூச்சை விட்டு, திறந்து பாருங்கள். குழல் இலக்குக்கு வலப்பக்கம் நின்றால் கையால் இழுக்காதீர்கள், பாதத்தை நகர்த்துங்கள். இழுத்துப் பிடித்த ரைபிள் ட்ரிக்கர் விழும் நொடியில் பழைய இடத்துக்கே ஓடும். குறிபார்க்கத் தொடங்கி 8-10 விநாடிக்குள் சுட முடியவில்லையா, ரைபிளைத் தயங்காமல் இறக்குங்கள். ஆரம்பத்தில் 15 தூக்கல் போதும். மறுநாள் வலி கூடினால் பாதியாக்குங்கள்.

போட்டியில் 60 குண்டுக்கு 75 நிமிடம், தாராளமான நேரம். எதிராளி வேகமாகச் சுடுவதைப் பார்த்தால் உங்கள் விரலும் அவசரப்படும். அவருடைய புள்ளிகளைக் காட்டும் திரைப் பக்கம் திரும்பவே வேண்டாம். ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் ரைபிளை ஸ்டாண்டில் வைத்துத் தோளைத் தளர்த்துங்கள்.