ஹாலோவீன் பேய் வீடுகளுக்குச் செல்வோர் கவனத்திற்கு

அமெரிக்காவின் ஒர்லாண்டோ நகரிலுள்ள யுனிவர்சல் ஸ்டுடியோஸ் பூங்காவில் 1991இல் தொடங்கப்பட்ட ‘ஹாலோவீன் இரவுகள்’ (Halloween Horror Nights) என்ற திகில் நிகழ்ச்சிக்குச் செல்லத் திட்டமிடுவோர், பகல் நேர நுழைவுச்சீட்டு இரவு நிகழ்ச்சிக்குச் செல்லாது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். அதற்குத் தனிச்சீட்டு வாங்க வேண்டும்.

அச்சமூட்டும் காட்சிகளினூடே நடந்து செல்லும்படி அமைக்கப்பட்ட ஒரு பேய் வீட்டைக் கடக்கச் சில நிமிடங்களே ஆகும் என்றாலும், அதற்கான வரிசையில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நிற்க நேரிடலாம். ஆகவே வெள்ளி, சனி இரவுகளையும் அக்டோபர் இறுதி வாரங்களையும் தவிர்த்து, செப்டம்பர் மாதத்தின் வார நாள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே சிறந்தது. இரண்டு சீட்டுகளும் இருப்பின், மாலையில் பூங்காவுக்குள்ளேயே ஒதுக்கப்பட்ட இடங்களில் காத்திருந்து, வெளிவாயில் கூட்டம் வந்து சேருமுன் முதல் வீட்டை அடைந்துவிடலாம். என் கருத்தில், விரைவு வரிசைக்குக் கூடுதல் பணம் செலவிடுவதைவிட இதுவே பயனுள்ள வழி.

மாறுவேடத்துக்கும் முகமூடிக்கும் அங்கு அனுமதியில்லை. பதின்மூன்று வயதுக்குட்பட்டோருக்கு நிகழ்ச்சி ஏற்றதன்று என்று பூங்காவே எச்சரிக்கிறது. துணிச்சலான பிள்ளை என்று பெருமைப்பட்டு அழைத்துச் செல்வதைப் பெற்றோர் தயவுசெய்து தவிர்க்க வேண்டும். பேய் வீடுகளுக்குள் மின்னி மின்னி மறையும் ஒளியும் செயற்கைப் புகையும் மிகுதியாக இருப்பதால், வலிப்பு நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம். பாதியில் அச்சம் தாங்கவில்லையெனில், அருகிலுள்ள ஊழியரிடம் தயங்காமல் சொல்லுங்கள்; வெளியேற உதவுவார்கள்.